கல்தொட்டியும் விசாகப்பட்டினமும்

“போகலாமா, வேண்டாமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சாமி.”

கேட்டவன் வீரமலை. வயது நாற்பத்து நான்கு. கல் குவாரியில் கிரேன் ஓட்டுகிறவன்.

கேட்கப்பட்டவர் அவனைவிட ஏழு வயது இளையவர். தோகைமலைக்குத் தெற்கே தார் ரோட்டை விட்டு இறங்கி நடந்தால் வரும் மடத்துக்கு இப்போது அவர்தான் சாமி. பெரிய சாமி காலமாகி எட்டு வருடம் ஆகிறது. ஆனாலும் ஊர் இவரைச் சின்னச்சாமி என்றே சொல்லும்.

சாமியாவதற்கு முன் அவர் மணப்பாறை பக்கம் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். நின்றுகொண்டே தூங்கும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வந்தது என்றும், ஊர்க்காரர்கள் அதைத் தியானம் என்று நினைத்துக்கொண்டார்கள் என்றும் ஒரு கேலி உண்டு. சாமி அதை மறுத்ததில்லை.

அன்று அவர் மடத்துச் சமையலுக்கு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“எங்க போகலாமான்னு கேக்கறீங்க அண்ணே?”

“விசாகப்பட்டினம்.”

“அங்க என்ன?”

“துறைமுகத்துல கிரேன் வேலை. கப்பல்ல இருந்து பெட்டி பெட்டியா இறக்கணும். நம்ம குவாரிக்கு இந்த மாசத்தோட குத்தகை முடியுது சாமி. முதலாளிக்குத் தெரிஞ்ச கான்ட்ராக்டர் ஒருத்தரு என்னைக் கூப்பிடுறாரு. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள வர்றேன், வரலைன்னு சொல்லிடணும்.”

“வரலைன்னு சொன்னா?”

“இங்கயே ஜல்லி உடைக்கற கிரஷர்ல டிப்பர் லாரி ஓட்டலாம்.”

“ஓட்டத் தெரியுமா?”

“தெரியும். ஆனா பத்தொம்பது வருஷம் கிரேன்ல உக்காந்தவன் டிப்பர்ல ஏறி உக்காந்தா…”

“உக்காந்தா?”

வீரமலை யோசித்துப் பார்த்தான்.

“ஒண்ணும் ஆகாது சாமி. ஓட்டலாம்.”

சாமி ஒரு வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்தார். முற்றல். தள்ளி வைத்தார்.

“எத்தனை நாளா இந்த யோசனை?”

“இன்னையோட பதினாறு நாளு.”

“அண்ணி என்ன சொல்றாங்க?”

அண்ணி என்று அவர் சொன்னது வீரமலையின் மனைவி மலர்க்கொடியை. உள்ளூர் அங்கன்வாடியில் பதினோரு வருடமாக உதவியாளர். பணியாளராகப் பதவி உயர்வு கிடைக்கும் என்று பட்டியலில் பெயர் வந்திருக்கிறது. ஊரை விட்டுப் போனால் அது கையை விட்டுப் போகும். இது வீரமலைக்குத் தெரியும். தெரிந்ததால்தான் பதினாறு நாள்.

“உங்க இஷ்டம்னு சொல்லிட்டா சாமி.”

“எப்படிச் சொன்னாங்க?”

“எப்படின்னா? வாயாலதான்.”

“அப்ப நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?”

“சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்.”

சாமி தலையை ஆட்டினார். அது சரி என்பதா, சரியில்லை என்பதா என்று வீரமலைக்குத் தெரியவில்லை. பெரிய சாமியாக இருந்தால் வாயைத் திறந்து திட்டியிருப்பார். அதில் ஒரு நிம்மதி இருந்தது.

“வேற என்ன பயம்?”

“பயம்னு இல்ல.”

“சரி, பயம் இல்லாத வேற ஏதாச்சும்?”

வீரமலை துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“அங்க கை கிடையாதாம் சாமி.”

“கை கிடையாதா?”

“குவாரியில எனக்கு சவரிமுத்து அண்ணன் சிக்னல் குடுப்பாரு. கீழ நின்னு அவரு கையைக் காட்டுவாரு. விரலை மேல வச்சுச் சுத்தினா தூக்கு. உள்ளங்கையைக் கீழ ஆட்டினா இறக்கு. அவரு கையைத்தான் நான் பாப்பேன். முதலாளியே வந்து நின்னு கையைக் காட்டினாலும் திரும்ப மாட்டேன். அதான் எங்க வேலையில முதல் பாடம். ஒரு வண்டிக்கு ஒரு கை.”

“வேற யாரு காட்டினாலும் பாக்கக்கூடாதா?”

“நிறுத்துன்னு காட்டினா மட்டும் யாரு காட்டினாலும் நிறுத்திடணும். ரெண்டு கையையும் அகல விரிச்சா நிறுத்து. அது ரோட்டுல போறவன் காட்டினாலும் செல்லும்.”

“அப்படி யாராச்சும் காட்டியிருக்காங்களா?”

“பத்தொம்பது வருஷத்துல நான் பாத்ததில்ல.”

“சரி. விசாகப்பட்டினத்துல?”

“அங்க நான் பனைமரத்துக்கு மூணு மடங்கு உசரத்துல உக்காந்திருப்பேனாம். கீழ இருக்கற ஆளு எறும்பு மாதிரி இருப்பானாம். காதுல ஒரு குரல் பேசுமாம். அதுவும் தெலுங்குல.”

“சவரிமுத்து அண்ணனைக் கேட்டீங்களா?”

“அவரு போன பொங்கலோட வேலையை விட்டுட்டு மக வீட்டுக்குப் போயிட்டாரு. போன் பண்ணினேன். எனக்குக் காது மந்தமாயிடுச்சு தம்பி, நேர்ல வான்னாரு.”

“போனீங்களா?”

“அதான் உங்ககிட்ட வந்துட்டேனே.”

சாமி அருவாமணையைச் சாய்த்து வைத்துவிட்டு எழுந்தார். வாசலைக் காட்டினார்.

மடத்து வாசலுக்கு நேர் உள்ளே ஒரு கல்தொட்டி கிடந்தது. ஆடுமாடு தண்ணீர் குடிக்க. குவாரியில் ஒதுக்கிய ஒரு பாறையைக் குடைந்து, முதலாளி மடத்துக்கு அனுப்பியது. கொண்டுவந்த டிப்பர்காரன் நாலு எட்டு உள்ளே வர சோம்பல்பட்டு வாசலிலேயே சரித்துவிட்டுப் போய்விட்டான். ஒரு மாதமாக மடத்துக்கு வருகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு வருகிறார்கள். அதன்மேல் ஏறிக் குதித்து வருகிறவர்களும் உண்டு.

“ஞாயித்துக்கிழமை ஹைட்ராவைக் கொண்டாங்க. அதை எடுத்து வைக்கணும்.”

ஹைட்ரா என்பது ரோட்டில் ஓட்டிப் போகிற, திருப்பினால் நடுவில் மடங்குகிற சின்ன கிரேன். குவாரியில் ஒன்று இருந்தது.

“கொண்டாரேன். எங்க வைக்கணும்?”

“அன்னைக்குக் காட்டறேன்.”

“என் கேள்விக்குப் பதில் சாமி?”

“ஞாயித்துக்கிழமை வாங்க.”

ஞாயிறு வரை பொறுக்க வீரமலையால் முடியவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்துவிட்டான்.

சாமி துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

“நாலு பேரைக் கேட்டுட்டேன் சாமி.”

“சொல்லுங்க.”

“டீக்கடை மாரப்பன் போகச் சொல்றாரு. கடற்கரை ஊருல மீன் மலிவாம்.”

“நீங்க மீன் சாப்பிடுவீங்களா?”

“வீட்டுல சமைக்கறதில்ல. குவாரி மேஸ்திரி போகவேண்டாங்கறாரு. புயல் வருமாம். பஞ்சாயத்து கிளார்க் ரத்தினம் போகலாங்கறாரு. ஆனா உப்புக் காத்துல உடம்பு ஊறிப் போகுமாம், நாளைக்கு ரெண்டு தடவை குளிக்கணுமாம். என் தம்பி போனா போ, ஆனா சொந்த ஊருல ஒரு சாவுன்னா வந்து சேர ரெண்டு நாளாகும், அதை யோசிச்சுக்கோங்கறான்.”

“யாரு சாகப் போறா?”

“யாரும் இல்ல. பொதுவாச் சொன்னான்.”

சாமி வேட்டியை அலசிப் பிழிந்தார். வீரமலை மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் முறுக்கினார்கள்.

“இவங்கள்ல யாரு விசாகப்பட்டினம் போயிருக்காங்க?”

“யாரும் போனதில்ல. ரத்தினத்தோட மச்சினன் ராஜமுந்திரி வரைக்கும் போயிருக்காரு.”

“என்ன சொன்னாரு?”

“ராத்திரியில போனாராம். ஒண்ணும் தெரியலையாம்.”

சாமி வேட்டியை உதறிக் கொடியில் போட்டார். இந்த முறை லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. முதுகைத்தான் பார்க்க முடிந்தது என்பதால் வீரமலையால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

“நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும் சாமி. நான் இந்த நாலு பேரையும் விட்டுடறேன். ஒரு வண்டிக்கு ஒரு கை. நீங்க காட்டுங்க. நான் போறேன்.”

“நான் எந்தப் பக்கம் காட்டினாலுமா?”

“எந்தப் பக்கம் காட்டினாலும்.”

சாமி கொடியில் கிடந்த வேட்டியின் சுருக்கத்தை இழுத்துவிட்டார்.

“ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு வந்துடுங்க. வெயில் ஏறிடும்.”

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு ஹைட்ரா வந்தது. அதைப் பார்க்க ஊரில் பாதியும் வந்தது.

கிரேன் வந்தால் ஊர் வேலை செய்யாது. அது எங்கேயும் அப்படித்தான். கிளார்க் ரத்தினம் வெள்ளைச் சட்டையில் வந்து புங்கமர நிழலில் நல்ல இடமாகப் பிடித்துக்கொண்டார். டீக்கடை மாரப்பன் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு வந்தார். மலர்க்கொடி வீரமலைக்குச் சாப்பாட்டுத் தூக்குடன் வந்து, சமையல்கட்டுப் பக்கம் மற்ற பெண்களோடு நின்றாள்.

வீரமலை தொட்டிக்கு அடியில் இரண்டு பெல்ட்டைக் கொடுத்து, கொக்கியில் மாட்டி, இழுத்துப் பார்த்தான். தொட்டி ஒன்றரை டன் இருக்கும். அவனுக்கு அது ஒரு எடையே இல்லை. குவாரியில் இருபது டன் தூக்கினவன்.

சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

“எப்படிக் காட்டணும்?”

வீரமலை காட்டிக்கொடுத்தான். தூக்கு. இறக்கு. நிறுத்து. இடம், வலம் என்றால் அந்தப் பக்கக் கையை நீட்டினால் போதும்.

“விசில் வேண்டாமா?” என்றார் மாரப்பன். “சாமிக்கு அதுதான் பழக்கம்.”

எல்லோரும் சிரித்தார்கள். சாமியும் சிரித்தார்.

வீரமலை கேபினில் ஏறினான். கியரைப் போட்டுக்கொண்டு சாமியின் கையைப் பார்த்தான். அந்த நொடியில் அவனுக்கு மனசு லேசாயிற்று. பல நாளைக்குப் பிறகு ஒரு கை.

சாமி விரலை மேலே வைத்துச் சுழற்றினார்.

தொட்டி எழும்பியது. ஒரு மாதமாகப் பதிந்திருந்த மண் உதிர்ந்தது. இடுப்பு உயரம். மார்பு உயரம். தலைக்கும் மேலே.

சாமி விரலைச் சுழற்றுவதை நிறுத்தினார்.

அப்புறம் நடந்துபோய் புங்கமரத்து வேரில் உட்கார்ந்தார். மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். வறுத்த வேர்க்கடலை. ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

வீரமலை காத்திருந்தான்.

சாமி இன்னொன்றை உடைத்தார்.

“சாமி! எங்க வைக்கறது?”

எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை போலும். சாமி காதில் கையை வைத்தார். வீரமலை மறுபடி கத்தினான்.

“இருங்க அண்ணே!” என்றார் சாமி.

சாமி காட்டாத இடத்தை ஊர் காட்டியது. ரத்தினம் எழுந்து வேலியோரத்தைக் காட்டினார். மாரப்பன் கிணற்றடியைக் காட்டினார். யாரோ வாசலுக்கு வெளியே என்று கத்தினார்கள். அங்கே வைத்தால் ஆடு மட்டுமா குடிக்கும், பக்கத்து ஊர் மாடும் குடிக்கும் என்று வேறு யாரோ மறுத்தார்கள். வாதம் சூடு பிடித்தது.

வீரமலை எவரையும் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது. அவன் கண் சாமியின் கையிலேயே இருந்தது. அந்தக் கை ஒவ்வொரு முறை பொட்டலத்திலிருந்து எழும்பும்போதும் அவன் கை லீவரில் இறுகியது. ஒவ்வொரு முறையும் அது வாய்க்குத்தான் போனது.

கால்மணி நேரம் ஆயிற்று.

“சாமி, கல்லைத் தொங்க விட்டுட்டு நான் இறங்கக்கூடாது!”

“யாரு இறங்கச் சொன்னா? இருங்க.”

“எவ்வளவு நேரம்?”

“இருபது நாளா அப்படித்தானே இருக்கீங்க. இன்னும் பத்து நிமிஷம் இருக்கக்கூடாதா?”

ரத்தினம் முதலில் சிரித்தார். சிரிப்பு மெல்லப் பரவியது.

வீரமலைக்குக் காது சூடாயிற்று. புரிந்துவிட்டது. சாமி இதற்காகத்தான் ஹைட்ராவைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். கல்லைத் தூக்கிவிட்டு அந்தரத்தில் வைத்திருக்கக்கூடாது. சரி. ஒப்புக்கொள்கிறான்.

“புரியுது சாமி! தொங்கக்கூடாது! ஆனா எந்தப் பக்கம் இறக்கறதுன்னு சொல்லுங்க!”

சாமி கையில் இருந்த கடலையை உடைக்காமல் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தார்.

அந்தச் சமயத்தில் வீரமலையின் பார்வைக்குக் குறுக்கே ஒரு பச்சைப் புடவை வந்தது.

மலர்க்கொடி. தொட்டிக்கு நேர் அடியில் வந்து நின்றாள். தலைக்கு ஒரு சாண் மேலே ஒன்றரை டன்.

தூக்கின எடைக்குக் கீழே ஆள் நிற்கக்கூடாது. குவாரியில் இதற்கு யாரையும் மன்னித்ததில்லை.

“மலரு! வெளிய வா! வெளிய வாடி!”

அவள் வரவில்லை. இரண்டு கையையும் அகல விரித்தாள். பிறகு இரண்டு கையாலும் கீழே காட்டினாள். வண்டியின் இடது முன்சக்கரத்தை.

வீரமலை கேபினுக்கு வெளியே தலையை நீட்டினான்.

சக்கரம் பாதி இல்லை.

மடத்துச் சமையல்கட்டுக் கழிவுநீர் அந்த வழியாகத்தான் ஓடும். மேலே காய்ந்த மண். கீழே சேறு. வண்டி வந்த வேகத்தில் அது தெரியவில்லை. வந்து, தூக்கி, வைத்துவிட்டுப் போயிருந்தால் தெரிந்தே இருக்காது. எடையோடு கால்மணிக்கு மேல் ஒரே இடத்தில் நின்றதில் மண் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்திருக்கிறது. வண்டி இடப்பக்கம் சாய்ந்திருந்தது. தொட்டி முதலில் தொங்கிய இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளித் தொங்கிக்கொண்டிருந்தது.

அவன் எதையும் கவனிக்கவில்லை.

மலர்க்கொடி அவன் பார்த்துவிட்டான் என்று தெரிந்த பிறகுதான் வெளியே வந்தாள். வந்து வலப்பக்கம் நின்றாள். கூட்டத்தைப் பார்த்து, “தள்ளிப் போங்க, எல்லாரும் தள்ளிப் போங்க,” என்றாள். அங்கன்வாடிக் குரல். ரத்தினம்கூடத் தள்ளிப் போனார்.

பின்னால் எடுக்க முடியாது. எடுத்தால் சக்கரம் இன்னும் தோண்டும். இருந்த இடத்திலேயே இறக்கினால் சேற்றில் விழும், வண்டியும் கூடச் சாயும். ஸ்டீயரிங்கை வலது பக்கம் ஒடித்தால் வண்டியின் முன்பாதி அந்தப் பக்கம் மடங்கும். கல் திரும்பும். அந்தப் பக்கம் தரை கெட்டியா?

அது அவனுக்கு மேலேயிருந்து தெரியவில்லை. மலர்க்கொடியைப் பார்த்தான்.

அவள் காலால் தரையைத் தட்டிப் பார்த்தாள். இரண்டு எட்டு நகர்ந்து மறுபடி தட்டினாள். அங்கே நின்று, இங்கே என்று காட்டினாள்.

அவன் ஸ்டீயரிங்கை ஒடித்தான். மெதுவாக. தொட்டி அசைந்து வந்தது.

மற்ற சிக்னல் அவளுக்குப் பழக்கமில்லை. அங்கன்வாடியில் ஓடுகிற பிள்ளைகளை உட்காரவைக்கிற மாதிரி உள்ளங்கையை மெல்லத் தாழ்த்தினாள். உக்காரு, உக்காரு. கை நின்றால் அவன் நிறுத்தினான். கை தாழ்ந்தால் அவன் இறக்கினான்.

தொட்டி தரையைத் தொட்டது. பெல்ட் தளர்ந்தது. வண்டி பெருமூச்சு விட்டதுபோல் ஒரு பக்கம் நிமிர்ந்தது.

ஊர் கைதட்டவில்லை. யாருக்கும் அது தோன்றவில்லை.

சாமி ஓடி வந்தார்.

“சக்கரம் இறங்கினதை நான் பாக்கலை அண்ணே. தப்பு என்மேல.”

“நானும் பாக்கல சாமி. எனக்கு உங்க கையிலதான் கண்ணு.”

“என் கையில என்ன இருந்துச்சு?”

“கடலை.”

சாமி கையை விரித்துப் பார்த்தார். இன்னும் நாலு கடலை இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் போட்டுக்கொண்டார்.

மலர்க்கொடி சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கேபினுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். தூக்கின் மூடி லேசாகக் கடகடத்தது.

“ஏங்க, எவ்வளவு நேரமாக் கையைக் காட்டறேன். கத்தவும் கத்திட்டேன். சமையல்கட்டுல இருந்து பாத்தா அந்தச் சக்கரம் தெரியுது. நீங்க ஒரு தடவை திரும்பியிருந்தா நான் கல்லுக்கு அடியில வந்திருக்கவே வேண்டாம்.”

“கேக்கல மலரு. எஞ்சின் சத்தம்.”

“வீட்டுல என்ன எஞ்சின் ஓடுது?”

வீரமலை ஸ்டீயரிங்குக்குக் கீழே கையை விட்டான்.

சாவியைத் திருகினான். எஞ்சின் நின்றது. காலையிலிருந்து அந்த வாசலில் அப்போதுதான் காக்கை சத்தம் கேட்டது.

“சொல்லு.”

“என்ன சொல்ல?”

“நீ வீட்டுல சொல்ல வந்தது.”

மலர்க்கொடி கூட்டத்தைப் பார்த்தாள். மாரப்பன் இரண்டடி முன்னால் வந்திருந்தார். அவள் பார்த்ததும் மூன்றடி பின்னால் போனார்.

“டிக்கெட் போட்டிருக்கேன்.”

“எதுக்கு?”

“விசாகப்பட்டினத்துக்குத்தான். செவ்வாய்க்கிழமை. திருச்சியில ஏறி மெட்ராஸ்ல மாறணும். ரெண்டு பேருக்கும். திரும்பி வரவும் சேத்துப் போட்டிருக்கு.”

“ரெண்டு பேருக்குமா? உன் அங்கன்வாடி?”

“நாலு நாள் லீவு எழுதிக் குடுத்திருக்கேன்.”

“அது இல்ல. போயிட்டா பதவி…”

“பதவி போனா போகட்டுமா, வேணுமான்னு அந்த ஊரைப் பாத்துட்டுத்தானே சொல்ல முடியும்? ஒருவேளை நீங்க மட்டும் போகணும்னு தோணும். ஒருவேளை ரெண்டு பேரும். ஒருவேளை டிப்பரே போதும்னு நீங்களே சொல்லிடுவீங்க. அந்த கிரேன்ல ஏறிப் பாக்க வேண்டாமா? அந்தக் குரலு என்னதான் பேசுதுன்னு கேக்க வேண்டாமா? வெள்ளிக்கிழமைதானே பதில் சொல்லணும். அங்கயே நேர்ல சொல்லிட்டு வண்டி ஏறிடலாம்.”

வீரமலை ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“எப்பப் போட்ட?”

“நம்ம மக லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தாள்ல, அன்னைக்கு. அவதான் போன்ல போட்டுக் குடுத்தா. பதினஞ்சு நாளாச்சு.”

“பதினஞ்சு நாளா என்கிட்டச் சொல்லலையா?”

“மூணு தடவை ஆரம்பிச்சேன். முதல் தடவை மாரப்பன் அண்ணன் போன் பண்ணினாரு. ரெண்டாவது தடவை நீங்க மேஸ்திரி வீட்டுக்குக் கிளம்பிட்டீங்க.”

“மூணாவது?”

“சாமியைப் பாக்கணும்னு சட்டையைத் தேடிக்கிட்டு இருந்தீங்க. நான்தான் எடுத்துக் குடுத்தேன்.”

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அது ரத்தினமாக இருக்கலாம்.

மலர்க்கொடி தூக்கை நீட்டினாள்.

“இப்பச் சொல்லுங்க. செவ்வாய்க்கிழமை போலாமா?”

வீரமலை தூக்கை வாங்கிக்கொண்டான். அதை மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, கையைப் பார்த்தே வேலை செய்த பத்தொன்பது வருடப் பழக்கம், சாமியின் பக்கம் தலையைத் திருப்பினான்.

சாமி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“கேட்டது அவங்க, அண்ணே. இந்தப் பக்கம் எதுக்குப் பாக்கறீங்க?”